குடிக்கப் போகும் இரவில் பணம், கார்டு, போன் மூன்றும் பத்திரமாக வீடு திரும்ப: முழுமையான வழிகாட்டி

நம்மில் நிறைய பேர் டெபிட் கார்டை போன் கவருக்குள் சொருகி வைத்திருக்கிறோம். கூடவே மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று இருக்கும், சிலர் ஆதார் அட்டையையும் அங்கேயே வைத்திருப்பார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். யுபிஐ பின்னைப் புதிதாக மாற்ற என்ன கேட்கிறார்கள்? டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்கள், அது காலாவதியாகும் மாதமும் வருடமும், பிறகு போனுக்கு வரும் ஓடிபி. சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் சேர்த்துக் கேட்கும். கார்டு இல்லாமல் ஆதார் வழியாக மாற்றுவதென்றால் ஆதாரின் முதல் ஆறு எண்களும் ஓடிபியும் போதும். அதாவது அந்த ஒரு கவருக்குள் உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கத் தேவையான எல்லாமே இருக்கிறது. பார் சோபாவின் இடுக்கில் அது விழுந்தால் போவது போன் மட்டும் அல்ல.

எனவே கீழே சொல்வதெல்லாம் இரண்டே கொள்கையில் நிற்கிறது. போன், கார்டு, அடையாள அட்டை மூன்றும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. முடிவு எடுக்க வேண்டியதை எல்லாம் முதல் கிளாஸுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சென்னையில் பாருக்குப் போனாலும் சரி, வார இறுதியில் ஈசிஆர் வழியாக புதுச்சேரிக்குப் போனாலும் சரி, வரிசை இதுதான்.

1. முந்தின நாள்: செலவுக்கு என்று தனிக் கணக்கு

சம்பளம் விழும் கணக்கை யுபிஐயில் இணைத்து அதிலிருந்தே பாரில் பணம் கட்டுவது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் எல்லோரிடமும் நான் பார்க்கும் பழக்கம். மாத முதல் வாரத்தில் வாடகையும் அந்தக் கணக்கில்தான் இருக்கும், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் அதில்தான் இருக்கும்.

இன்னொரு வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு திறந்துகொள்ளுங்கள். குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைக் கணக்கே போதும். அன்றைய செலவுக்கு எவ்வளவு என்று நினைக்கிறீர்களோ அதை மட்டும் மதியமே அதற்கு மாற்றிவிட்டு, யுபிஐ ஆப்பில் அதையே முதன்மைக் கணக்காக வையுங்கள். இரண்டு கணக்குக்கும் வேறு வேறு பின் இருக்கட்டும். நான்காவது ரவுண்டில் எல்லோருக்கும் நானே கட்டுகிறேன் என்று கை நீளும்போது கணக்கிலேயே அவ்வளவு பணம் இல்லாமல் இருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. அந்த நேரத்தில் மன உறுதியை நம்ப முடியாது.

தனிக் கணக்கு தொல்லை என்று நினைப்பவர்களுக்கு யுபிஐ லைட் இருக்கிறது. அதில் ஒரு நேரத்தில் அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் வைத்திருக்க முடியும், ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் கேட்காமல் போகும். திறந்திருக்கும் போன் யார் கையில் கிடைத்தாலும் அந்தப் பணம் போய்விடலாம், அதோடு சரி. ஆனால் பணம் குறைந்தால் தானாக நிரப்பிக்கொள்ளும் வசதி அதில் உண்டு. அதை அணைக்க மறந்தால் வரம்பு வைத்ததற்கே அர்த்தம் இல்லை.

2. அதே நாள்: கார்டு வரம்புகள்

உங்கள் கார்டில் ஏடிஎம், கடை மெஷின், ஆன்லைன், வெளிநாடு, தொடாமல் தட்டும் கட்டணம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறக்கவும் மூடவும், எவ்வளவு வரை என்று நிர்ணயிக்கவும் வங்கிகள் வசதி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2020இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பலர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்ததில்லை.

மூட வேண்டியது இரண்டு. ஒன்று, தட்டிக் கட்டும் வசதி. 2021 ஜனவரியிலிருந்து 5,000 ரூபாய் வரை பின் இல்லாமல் தட்டியே கட்டலாம் என்று இருக்கிறது, எனவே கீழே கிடக்கும் கார்டை எடுத்தவருக்கும் பின் தேவைப்படாது. இரண்டு, வெளிநாட்டுப் பரிவர்த்தனை. பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்பதே இல்லை. கார்டின் முன்னும் பின்னும் உள்ள எண்கள் போதும் அவர்களுக்கு.

கடை மெஷினுக்கான வரம்பை அன்றைய பில் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு, அதற்குச் சற்று மேலே வையுங்கள். ஏடிஎம் வரம்பை ஒரு ஆட்டோ செலவு அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.

3. போனைத் தயார் செய்வது

இதில்தான் அதிக வேலை. பொறுமையாக, வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள்.

சிம்முக்குப் பின் போடுங்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், போனுக்கு எவ்வளவு கடினமான பூட்டு போட்டிருந்தாலும் எடுத்தவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே போகும். சிம் பின் இருந்தால் வேறு போனில் அது வேலை செய்யாது. போனின் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் சிம் லாக் என்று இருக்கும். ஏற்கெனவே உள்ள பின்னை ஒருமுறை கேட்கும். அது தெரியாமல் ஊகித்துப் போடாதீர்கள், மூன்று தடவை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பியுகே எண்ணைக் கேட்கும். சிம் நிறுவனத்தின் சேவை மையத்தில் அந்தப் பின்னைக் கேட்டு வைத்துக்கொண்டு பிறகு மாற்றுங்கள்.

பூட்டிய திரையில் குறுஞ்செய்தி தெரியாமல் மறையுங்கள். போனைத் திறக்கவே வேண்டாம், ஓடிபி திரையிலேயே வந்து நிற்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் போனைப் பூட்டிவிட்டு நண்பரை ஒரு செய்தி அனுப்பச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள்.

கைரேகை விஷயம். கைரேகையிலேயே யுபிஐ பணம் அனுப்பும் வசதி 2025 அக்டோபரில் அறிமுகமாகிவிட்டது. சாதாரண நாளில் வசதிதான். ஆனால் அளவு மீறி, அறையில் கட்டையாகத் தூங்குகிறவரின் விரலை எடுத்து போனில் வைக்க யாராலும் முடியும். அன்று இரவுக்கு யுபிஐயில் அதை அணைத்துவிட்டு எண் பின்னுக்கு வந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் பவர் பட்டனை அழுத்தினால் வரும் மெனுவில் லாக்டவுன் என்று ஒன்று உண்டு, சில போன்களில் அமைப்புகளுக்குள் போய் அதை இயக்கி வைக்க வேண்டும். அதைத் தொட்டால் அடுத்த முறை பின் போடும்வரை கைரேகையும் முகமும் வேலை செய்யாது. ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஒலிப் பட்டனையும் சேர்த்து அழுத்தி, அணைக்கும் திரை வந்ததும் விட்டுவிட்டால் அதே பலன்.

தொலைந்த பிறகு எப்படி உள்ளே நுழைவீர்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள். நண்பரின் போனிலிருந்து உங்கள் கூகுள் கணக்கில் நுழையப் பார்த்தால் அது சரிபார்ப்புக் கேள்வியைத் தொலைந்த போனுக்கே அனுப்பும், அங்கே எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இரட்டைச் சரிபார்ப்புக்கான மாற்றுக் குறியீடுகள் பத்து கிடைக்கும். அவற்றில் இரண்டை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் தொலைபேசி எண்ணை மட்டும் வைத்துத் தூரத்திலிருந்து பூட்டும் வசதியும் இருக்கிறது, ஆனால் முன்பே அதை இயக்கி வைத்திருக்க வேண்டும். ஐபோன்காரர்களுக்குக் கவலை இல்லை, ஐகிளவுட் தளத்தின் ஃபைண்ட் பக்கம் கடவுச்சொல் மட்டும் இருந்தாலே திறக்கும்.

கடைசியாக, *#06# அழுத்தி, போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து வீட்டில் எழுதி வையுங்கள்.

4. ஒரு சின்னத் தாள்

விசிட்டிங் கார்டு அளவுக்கு ஒரு தாள். அதில் வங்கியின் கார்டு தடுப்பு எண் (கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும், அங்கிருந்தே எழுதுங்கள்), வீட்டில் இருக்கும் ஒருவரின் கைபேசி எண், 1930 (இணையப் பண மோசடிக்கான அரசு உதவி எண்), அந்த இரண்டு மாற்றுக் குறியீடுகள். பெயர், கணக்கு எண், பின் எதுவும் அதில் இருக்கவே கூடாது.

போன் தொலைந்தால் எண்கள் எல்லாம் போனோடு போய்விடும். சொந்த அம்மாவின் எண்ணே மனப்பாடமாகத் தெரியாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தப் பதற்றத்தில் நண்பரின் போனில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடினால் முதலில் வருவது மோசடிக்காரர் போட்டு வைத்த போலி எண்ணாக இருக்கலாம். தொலைத்த இரவிலேயே இரண்டாவது தடவை ஏமாறுவது இப்படித்தான்.

5. எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது

எடுத்துப் போக: ஒரே ஒரு கார்டு, ரொக்கம், போன், அந்தத் தாள். பர்ஸே வேண்டாம். பர்ஸில் இருக்கும் பான் கார்டும் ஆர்சியும் கம்பெனி அடையாள அட்டையும் பாருக்கு எதற்கு?

வயதுச் சான்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் 21 வயது ஆகியிருக்க வேண்டும், புதுச்சேரியில் 18. டிஜிலாக்கரில் இருக்கும் ஓட்டுநர் உரிமம் பெரும்பாலும் போதும். புதுச்சேரியில் லாட்ஜ் எடுக்கிறீர்கள் என்றால் ஆதார் கேட்பார்கள். மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி ஒரு பிரதி எடுத்துச் செல்லுங்கள், அதில் கடைசி நான்கு எண்கள் மட்டுமே தெரியும். மேலே சொன்ன முதல் ஆறு எண்கள் அதில் இல்லை என்பதுதான் இதன் பலமே.

ரொக்கம் சில்லறையாக இருக்கட்டும். நூறு, ஐம்பது, இருபது. டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடும், அதற்கு முந்தைய கால் மணி நேரம் கம்பி வலைக்கு முன்னால் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்கும் கூட்டத்தில் ஐந்நூறு ரூபாய்க் கட்டை வெளியே எடுத்து ஒரு தாளை உருவுவது, பின்னால் நிற்பவர்களுக்குப் பணம் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பதுதான்.

6. உடம்பில் எங்கே எது

பேண்ட்டின் முன்பக்க இடது பாக்கெட்டில் அன்றைய செலவு ரொக்கம். முன்பக்க வலது பாக்கெட்டில் போன், வேறு எதுவும் அதோடு இல்லை. போனை எடுக்கும்போதெல்லாம் கூட இருக்கும் நோட்டோ கார்டோ வெளியே வந்து விழும், சத்தமே கேட்காது. கார்டு சட்டைப் பையில் வேண்டாம், குனிந்தால் நழுவும். பேண்ட்டின் உள்ளே இருக்கும் சின்ன வாட்ச் பாக்கெட்டில் மடித்த ஐந்நூறு ரூபாய் ஒன்று, அது வீடு திரும்ப மட்டும். பின்பாக்கெட் அன்று காலியாக இருக்க வேண்டும்.

கார்டுக்கு ஜிப் வைத்த பாக்கெட் சரி. இல்லையென்றால் கழுத்தில் போட்டு சட்டைக்குள் விடும் தட்டையான சின்னப் பை. வேட்டி கட்டிப் போகிறவர்களுக்கு ஜிப் வைத்த பெல்ட் இருக்கவே இருக்கிறது.

பெண்களுக்குப் பிரச்சினை வேறு. பல உடைகளில் பாக்கெட்டே இருக்காது, எல்லாம் ஒரே கைப்பைக்குள் போகும். அந்தப் பையை நாற்காலியின் முதுகில் மாட்டாதீர்கள், காலடியிலும் வைக்காதீர்கள். குறுக்காகப் போடும் வார் வைத்த சின்னப் பை, ஜிப் உடம்புப் பக்கம் பார்க்க, மடிமேல். ஆட வேண்டும் என்றால் பையோடு ஆடுங்கள், மேசையில் இருப்பவரிடம் பார்த்துக்கச் சொல்லிவிட்டுப் போனால் அவரும் எழுந்து ஆட வந்துவிடுவார். வீடு திரும்பும் பணமும் அந்தத் தாளும் மட்டும் பையில் இல்லாமல் உடையிலோ போன் இல்லாத வேறு இடத்திலோ இருக்கட்டும்.

7. முதல் ரவுண்டுக்கு முன்

உட்கார்ந்ததும் செய்ய வேண்டியது மூன்று.

யார் பில் கட்டுவது என்று பேசி முடியுங்கள். ஷேர் பணத்தை எல்லோரிடமும் அப்போதே வாங்கி, குறைவாகக் குடிப்பவரிடம் அல்லது குடிக்காதவரிடம் கொடுத்துவிடுங்கள். மிச்சமானால் பிரித்துக்கொள்ளலாம். கடைசியில் கணக்குப் பார்க்கலாம் என்று விட்டால் ஆளாளுக்கு ஒரு ரவுண்டுக்குக் கட்டி, மறுநாள் யார் யாருக்கு எவ்வளவு என்பதில் நட்பே கசந்துபோகும்.

திரும்பிப் போகும் வழியை முடிவு செய்யுங்கள். சொந்த வண்டியை ஓட்டிப் போவது என்ற பேச்சே வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு, முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சில நேரம் இரண்டும். இவ்வளவு பார்த்துப் பாதுகாத்த பணம் ஒரே சோதனைச் சாவடியில் போய்விடும். அதை விட, ஒரு உயிர் போகலாம்.

கார்டைக் கவுண்டரில் கொடுத்து வைத்துக் குடிக்காதீர்கள். சில இடங்களில் கணக்கு தொடங்க அப்படிக் கேட்பார்கள். ஒவ்வொரு ரவுண்டுக்கும் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள், அல்லது முன்பணமாக ரொக்கம் கொடுங்கள்.

8. மேசையில் பணம் கட்டும்போது

கார்டை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், மெஷினை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாட்டுச் சத்தத்தில் சர்வர் மெஷினை நீட்டுவார், கட்டுகிறவர் சோபாவில் சாய்ந்தபடியே நான்கு எண்ணையும் உரக்கச் சொல்வார், சர்வர் அழுத்துவார். எத்தனையோ மேசைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். அந்த சர்வர் நல்லவராகவே இருக்கட்டும், பக்கத்து மேசையில் இருப்பவருக்கும் அது கேட்டிருக்கும். பின்னை நீங்களே, மறு கையால் மறைத்து அழுத்துங்கள். முடியாத நிலையில் இருந்தால் அன்று ரொக்கம்தான்.

அழுத்தும் முன் திரையில் இருக்கும் தொகையைப் பாருங்கள், ஒரு பூஜ்யம் கூடுதலாக இருந்தாலும் தெரியாமல் போகும் நேரம் அது. கார்டு திரும்பி வந்ததும் அதில் உங்கள் பெயர்தானா என்று படியுங்கள். ஒரே வங்கியின் கார்டுகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும், மாறிப் போவது சாதாரணமாக நடக்கிறது. சர்வீஸ் சார்ஜ் என்று சேர்த்திருந்தால் அது கட்டாயம் இல்லை, நீக்கச் சொல்லலாம்.

யுபிஐ என்றால் ஸ்கேன் செய்ததும் வரும் பெயரை சர்வரிடம் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்யுங்கள். தலை சுற்றிக்கொண்டிருந்தால் போனைப் பக்கத்தில் இருக்கும் நிதானமானவரிடம் காட்டி, தொகையைப் படிக்கச் சொல்லுங்கள். பின் மட்டும் நீங்களே போடுங்கள்.

9. கிளம்பும்போது

எழுந்ததும் ஒரே இடத்தில் நின்று கையால் தொட்டுப் பாருங்கள்: போன், கார்டு, பணம், அறைச் சாவி. பிறகு உட்கார்ந்த இடத்தை போன் விளக்கில் ஒரு தடவை பாருங்கள். தெருவில் நின்று யோசிப்பதை விட அங்கேயே பார்ப்பது எளிது, கிளாஸ் எடுக்கும் பையன் இன்னும் வந்திருக்க மாட்டான்.

நள்ளிரவில் தனியாக ஏடிஎம்முக்குப் போகாதீர்கள். அதற்காகத்தான் அந்த மடித்த ஐந்நூறு. ஆட்டோவோ டாக்ஸியோ வரும்வரை பாரின் உள்ளேயே, வெளிச்சத்தில் நில்லுங்கள். கூட வந்தவர் நிதானம் இழந்திருந்தால் அவருடைய போன், கார்டு எல்லாம் என்னிடம் என்று ஒருவர் பொறுப்பெடுத்து, காலையில் அவர் கையில் எண்ணிக் கொடுக்க வேண்டும். அவரைத் தனியாக வண்டியில் ஏற்றி அனுப்பவே கூடாது.

10. தொலைந்துவிட்டால்: இந்த வரிசையில்

முதலில் போனைத் தூரத்திலிருந்து பூட்டுங்கள். இதை ஏன் முதலில் செய்ய வேண்டும் என்றால், சிம்மைத் தடுத்துவிட்டால் போனுக்கு இணையம் போய்விடும், பூட்டும் கட்டளை அதற்குள் போய்ச் சேராது. பூட்ட முடியவில்லையென்றால் அதிலேயே பத்து நிமிடம் போராடாதீர்கள், அடுத்ததற்குப் போங்கள்.

இரண்டாவதாக, வங்கியை அழையுங்கள். கார்டையும் யுபிஐயையும் தடுக்கச் சொல்லுங்கள், இரண்டையும் வாயால் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், கார்டை மட்டும் தடுத்துவிட்டு யுபிஐயை விட்டுவிடுவது நடக்கிறது. புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். தகவல் கொடுத்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு என்பது 2017ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, அந்த நேரத்தை நிரூபிக்க உங்களிடம் ஆதாரம் வேண்டும்.

மூன்றாவதாக, சிம்மைத் தடுக்க வேண்டும். அதே நிறுவனத்தின் எண் வைத்திருக்கும் நண்பரின் போனிலிருந்து 198ஐ அழையுங்கள்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அது இன்னும் இருந்தால் நிறுத்தி வைக்க முடியும், அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கை மாறிவிட்டால் கடினம். யாராவது மிரட்டிப் பறித்திருந்தால் வங்கி, சிம் எல்லாம் அப்புறம், முதலில் அவசர உதவி எண் 112.

11. மறுநாள் காலை

தலைவலியோடு இருந்தாலும் காபி குடித்த கையோடு கணக்கு அறிக்கையைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாவது ஒருவரால் நடந்த மோசடி என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொன்னால் இழப்பு நம் தலையில் விழாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஒரு பகுதி நம்முடையது. பின்னை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால், தகவல் கொடுக்கும் வரை நடந்தது முழுக்க நம் இழப்பு. அந்த சோபா காட்சியை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

போன் கிடைக்கவே இல்லையென்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்தப் பிரதியோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைத் தடுக்கலாம். வீட்டில் எழுதி வைத்த எண் இங்கேதான் தேவைப்படும். மாற்று சிம் வாங்கிய பிறகு யுபிஐ பின்னையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், புதிய சிம்முக்கும் அன்றே பின் போடுங்கள்.

எதுவும் தொலையவில்லையென்றால் செலவுக் கணக்கில் மிச்சம் இருப்பதைப் பழைய கணக்குக்கு மாற்றிவிட்டு, கார்டு வரம்புகளை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். பெரிய தொகை கட்ட வேண்டிய நாளில் ஆப்பைத் திறந்து உயர்த்திக்கொண்டால் போதும்.